கூட ஆள் இல்லாமல் வரும் பிள்ளைகளை வணிக வளாகம் தடுக்கலாமா?

ராமநாதபுரத்தில் மூன்று மாடி, நான்கு மாடி வணிக வளாகங்கள் பெருகிவிட்டன. மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற மால் அளவுக்கு எதுவும் இல்லைதான். ஆனாலும் ஏசி உண்டு, லிஃப்ட் உண்டு, மேல்மாடியில் கேம்ஸ் கடை, ஜூஸ் கடை, ஷவர்மா கடை என்று ஒரு தளம் உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தளம் பிள்ளைகளால் நிரம்பிவிடும். எங்கள் வளாகத்திலும் அப்படித்தான். கடைக்காரர்கள் கூடும்போதெல்லாம் இப்போது இதே பேச்சு: 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடு வந்தால்தான் உள்ளே விடுவது என்று போர்டு மாட்டிவிடலாமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஸ்டேஷனரி கடை. ரெக்கார்டு நோட்டு, சார்ட், கிராஃப் பேப்பர் வாங்க வருவது இந்தப் பிள்ளைகள்தான். ஆகவே நான் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் அதில் தப்பில்லை. ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குக் குடும்பமாக வருகிறவர்கள்தான் வியாபாரம். படிக்கட்டை அடைத்துக்கொண்டு பையன்கள் நின்றால் அந்தக் குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்பது அவருடைய பயம். அந்தப் பயமும் நியாயமானது.

புகார்கள் எல்லாம் இட்டுக்கட்டியவை இல்லை. லிஃப்டை மேலும் கீழும் சும்மா ஓட்டுவது, நான்கு பேர் ஒரு ஜூஸை வைத்துக்கொண்டு ஒரு மேசையை ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருப்பது, நடக்கிற வழியில் போனை நிறுத்தி ரீல்ஸ் எடுப்பது, அந்த வீடியோவில் முன்பின் தெரியாத பெண்களின் முகமும் விழுவது. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற புகார் ஒன்று உண்டு. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று பெண்பிள்ளைகளைக் கேலி பேசுவது. இதைச் சின்னப் பையன்கள் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. கேலி செய்பவரின் வயது என்ன என்பது கேலிக்கு ஆளாகிறவருக்கு முக்கியமே இல்லை. கூடவே இன்னொன்றும் உண்மை: அந்தத் திருப்பத்தில் நிற்கிறவர்களில் முப்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முழுத் தடை என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. 18 வயது, துணைக்குப் பெரியவர், இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிட வேண்டும். இதற்கு முன்னுதாரணமாக எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிற மால் ஆஃப் அமெரிக்கா. 1992இல் திறந்த அந்த மாலில் 1996இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த விதியைச் சரியாகப் படிக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், வெள்ளி, சனி மாலைகளில் மட்டும், 21 வயது நிரம்பிய ஒருவரோடு வர வேண்டும். நேரத்தைப் பிற்பாடு கூட்டினார்கள் என்றாலும் தொடங்கியது அப்படித்தான். காவலாளிகளை மட்டும் நம்பாமல் தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் மாலுக்குள் சுற்றிவந்து பிள்ளைகளோடு பேசவும் வைத்தார்கள். நம் ஆட்கள் அந்த மாலின் பெயரைச் சொல்லிவிட்டு வயதை 18 ஆக்குகிறார்கள், வாரம் முழுக்க என்கிறார்கள், தாய்மார்களை விட்டுவிடுகிறார்கள்.

18 என்று கோடு போட்டால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் அதற்குள் விழுவார்கள். கல்லூரி முதலாண்டு சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கும் அப்போதுதான் 17 முடிந்திருக்கும். காலேஜ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற பெண்ணிடம் ‘அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்கிற காவலாளியை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இந்தக் கரையின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மால் ஆஃப் அமெரிக்கா உள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடுகிற இடம். பிள்ளைகள் அங்கே போவது பொழுதைக் கழிக்க. இங்கே கூட ஆள் இல்லாமல் வருகிற பிள்ளைகளில் பெரும்பகுதி வீட்டு வேலையாக வருபவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் தகப்பன் சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருக்கிற வீடுகள் ஏராளம். துபாயிலோ சவூதியிலோ இருக்கிற வாப்பா பணம் அனுப்புவார். அதை ஏடிஎம்மில் எடுப்பதும், உம்மாவின் மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மருந்து வாங்குவதும், மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுப்பதும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற மகன்தான். ‘காக்கா (அண்ணா), இந்த ஜாருக்கு மூடி மட்டும் தனியா கிடைக்குமா?’ என்று கேட்டு வருகிற பையனை ஊர்சுற்றி என்று எப்படிச் சொல்வது?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கதை வேறு மாதிரி. விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை திரும்பும். அப்பா வீட்டில் இருக்கிற நேரம் தூங்குகிற நேரம். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் அம்மாவும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகிறார். பிள்ளைக்குத் துணையாக டவுனுக்கு வந்தால் அன்றைய வருமானம் போச்சு. படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் வீடுகளும் இந்தக் கரையில் உண்டு. அந்த வீட்டில் மூத்த பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் ஓடும். வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா துணைக்கு வரலாம். அப்போது வாங்கக் கையில் காசு இருக்காது. பள்ளி திறக்கிற ஜூன் மாதம் நோட்டுப் புத்தக வியாபாரம் எப்படி நடக்கும் என்பது என் தொழில் என்பதால் எனக்குத் தெரியும். பாதிப் பேர் அக்கா தம்பியாகத்தான் வருவார்கள். அக்காவுக்கு வயது 15 இருக்கும்.

ஆக, முழுத் தடை சேட்டை செய்கிற பத்துப் பேரை நிறுத்துவதற்காகக் குடும்பத்துக்குக் கை கொடுக்கிற நூறு பேரைத் திருப்பி அனுப்பும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது நேரத் தடை. சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும், அல்லது பண்டிகை நெருக்கத்தில் மட்டும். முழுத் தடையைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை. நெரிசல் உள்ள நேரத்தில் மட்டும் கட்டுப்பாடு என்றால் காரணத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியும். ஆனால் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? ரமலான் நோன்பின் கடைசிப் பத்து நாளில் இரவு வெகுநேரம் கடை திறந்திருக்கும். தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து பையன்கள் கூட்டமாக வந்து பெருநாளுக்குச் சட்டை எடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. நெரிசல் நேரமும் இந்தப் பிள்ளைகள் காசு செலவழிக்கிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஜவுளிக்கடைக்காரரே அந்த இரவுகளில் தடை வேண்டாம் என்பார். அப்படியென்றால் மிஞ்சுவது சாதாரணச் சனிக்கிழமை. அன்று நம் ஊரில் அவ்வளவு பெரிய கூட்டமும் வருவதில்லை.

பள்ளி நேரத்தில் சீருடையோடு வருகிறவர்களைக் கேம்ஸ் கடைக்குள் விடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். இது எனக்குப் பிடித்த யோசனை. வளாகம் முழுக்க இல்லை, கேம்ஸ் கடைக்கு மட்டும். காலை 11 மணிக்குச் சீருடையில் கேம்ஸ் கடையில் நிற்கிற பையன் வகுப்பைக் கட் அடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பதில் பெரிய ஐயம் இல்லை. தேர்வுக் காலத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பொதுத் தேர்வு மதியம் 1.15க்கு முடிந்துவிடும், 2 மணிக்குச் சீருடையில் வருகிற பிள்ளை தேர்வு எழுதிக் களைத்து வருகிற பிள்ளை. அதைக் காவலாளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும்.

உடையைப் பார்த்து, தோற்றத்தைப் பார்த்து, கூட்டமாக வருவதைப் பார்த்துத் தடுப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ப்ளூவாட்டர் மாலில் 2005இல் தலையை மூடும் ஹூடி சட்டைக்கும் தொப்பிக்கும் தடை போட்டார்கள். நாடு முழுக்க விவாதமானது. பிரேசிலில் 2013 கடைசியிலும் 2014 தொடக்கத்திலும் சாவோ பாலோ புறநகர்ப் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் அழைப்பு விடுத்து மால்களில் திரண்டார்கள். மால்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கி வாசலில் ஆளைப் பார்த்துத் திருப்பி அனுப்பின. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள் என்று எதிர்ப்பு கிளம்பியது. விஷயம் ஆறுவதற்குப் பதிலாக அரசியல் போராட்டமாகிப் பெரிதானது. நம் பக்கத்திலேயே 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் வேட்டி கட்டி வந்த ஒரு விவசாயியை உள்ளே விடவில்லை என்று பெரும் சர்ச்சையாகி, கர்நாடக அரசு அந்த மாலை ஒரு வாரம் மூட வைத்தது.

இந்த மாவட்டத்தில் தோற்றம் பார்த்துத் தடுப்பது எங்கே போய் முடியும் என்பதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11இல் பரமக்குடியிலும் தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30இல் பசும்பொன்னிலும் எத்தனை ஆயிரம் போலீஸ் நிற்கிறது, தடை உத்தரவு எப்போது வருகிறது என்பதெல்லாம் இங்கே கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் காலண்டர் மாதிரி மனப்பாடம். பிள்ளைகளின் மணிக்கட்டில் இருக்கிற கயிற்றின் நிறத்துக்கு என்ன பொருள் என்பதும் தெரியும். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது சும்மா இல்லை. ‘சேட்டைக்காரப் பையன்களை மட்டும் நிறுத்து’ என்று வாசலில் இருப்பவரிடம் சொன்னால் அவர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? நிறத்தை, சட்டையை, கயிற்றை, தொப்பியை, பேச்சை, எந்த ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினான் என்பதை. ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தால் அதற்குத் தனி விசாரணை நடக்கும். ஒருநாள் ஒரு தெருப் பையன்களை மட்டும் நிறுத்தினார்கள் என்று பேச்சு வந்தால் போதும், ஊரே வந்து வாசலில் நிற்கும்.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். அரசியல் சாசனத்தின் 15(2)ஆம் உறுப்பு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் போவதைத் தடுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. அதனால் வயது விதி போர்டில் எழுதப்பட்டிருக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லாமல் போகலாம். ஆனால் வாசலில் நடப்பது போர்டில் எழுதியபடி இருக்காது. ‘பையன்களுக்கு மட்டும் தடை, பெண்பிள்ளைகள் வரலாம்’ என்று ஒருவர் சொன்ன குறுக்குவழி நேராகவே அந்தப் பட்டியலில் போய் விழும்.

பதிவேடு வைக்கலாம் என்ற யோசனையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் ஒரு நோட்டு, துணையில்லாமல் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் பெயர், பள்ளி, போன் நம்பர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு பெண்பிள்ளை எழுதிய நம்பரை அடுத்து எழுதுகிற எவனும் படிக்கலாம், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். கேலியைத் தடுக்கிறேன் என்று கேலி செய்கிறவன் கையில் நம்பரைக் கொடுக்கிற ஏற்பாடு இது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள விவரங்களுக்கானதுதான், ஆனாலும் அதுவே 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலோடுதான் கையாள வேண்டும் என்கிறது. ஆதார் ஜெராக்ஸ் வாங்குவதும் இதே வகைதான். இதைத் தயவுசெய்து மறந்துவிடலாம்.

ஆளைத் தடுக்காமல், இருக்க முடியாதபடி செய்கிற வழியும் உண்டு. வேல்ஸ் நாட்டில் 2005இல் ஒருவர் ‘மஸ்கிட்டோ’ என்று ஒரு கருவி கண்டுபிடித்தார். இளையவர்களுக்கு மட்டும் கேட்கக்கூடிய, சுமார் 17.4 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலியை அது எழுப்பும். வயதானால் அந்த அளவு ஒலி காதுக்கு எட்டாது. கடை வாசல்களில் மாட்டினார்கள். கைக்குழந்தைக்கும்தானே கேட்கும், வலித்தால் அதற்குச் சொல்லத் தெரியுமா என்று கேள்வி வந்தது. 2010இல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை அதைத் தடை செய்யச் சொன்னது. நம் ஊரில் இந்தக் கருவி இல்லை, அதன் தம்பி இருக்கிறான்: பெஞ்சை எடுத்துவிடுவது, மேல்மாடி ஏசியை அணைத்துவிடுவது. பெஞ்சை எடுத்தால் முதலில் கஷ்டப்படுவது முழங்கால் வலியோடு வருகிற பாட்டியும் கர்ப்பிணிப் பெண்ணும்தான். பையன்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது. பெஞ்சு போனதும் அங்கேதான் உட்காருவார்கள். படிக்கட்டுதான் நம் பிரச்சினையே.

இந்தப் பிள்ளைகள் ஏன் இங்கே வந்து நிற்கிறார்கள் என்பதை யாரும் கூட்டத்தில் கேட்கவில்லை. பாதிக் காரணம் பஸ். பள்ளி 4 மணிச் சுமாருக்கு விடுகிறது. ஏர்வாடிக்கோ பெரியபட்டினத்துக்கோ இலவசப் பாஸ் செல்லுபடியாகிற பஸ் உடனே வராது. வந்தாலும் முதல் பஸ்ஸில் ஏற முடியாது. அந்த இடைவெளியில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிற இடம் எது? நம் வளாகம்தான். ராமநாதபுரத்து வெயிலில் பெரியவர்களே ஏசி கடையைத் தேடி ஒதுங்குகிறோம். துரத்தினால் அவர்கள் வீட்டுக்குப் போகப் போவதில்லை. கூட்டாளியின் பைக்கில் மூன்று பேராக அரியமான் கடற்கரைக்கோ இன்னும் தள்ளியோ போவார்கள். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் வரலாம். அபராதத்தோடு முடிந்தால் நல்லது என்று சொல்கிற அளவுக்குத்தான் இந்தச் சாலைகளும் தனுஷ்கோடிப் பக்கத்துக் கடலும் இருக்கின்றன.

மிச்சமிருக்கிற வழி, நடத்தைக்கு விதி வைப்பது. வயதைத் தொடாமல், எல்லோருக்கும் ஒரே விதி. படிக்கட்டிலும் லிஃப்ட் முன்னாலும் நிற்கக்கூடாது. மற்றவர் முகம் விழும்படி வீடியோ எடுக்கக்கூடாது. கேலி செய்தால் உடனே வெளியே, தேவைப்பட்டால் போலீஸுக்குப் போன். முப்பது வயதுக்காரருக்கும் இதேதான். இதன் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: போர்டை யாரும் படிக்க மாட்டார்கள், சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பைக் டோக்கன் கொடுக்கிற தாத்தா போதாது. மேல்தளத்தில் 4 மணியிலிருந்து 8 மணி வரை நடமாடுகிற ஒருவர் வேண்டும், அதுவும் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. ‘தம்பி, எந்திரி, வழியை விடு’ என்று ஓர் அக்கா சொன்னால் எழுந்துவிடுகிற பையன், யூனிஃபார்ம் போட்ட காவலாளி அதட்டினால் முறைப்பான். கேலிக்கு ஆளான பெண்பிள்ளையும் அந்த அக்காவிடம்தான் போய்ச் சொல்லும்.

திரும்பத் திரும்பத் தொல்லை தருகிறவனை என்ன செய்வது? அவனை மட்டும் ஒரு மாதம் உள்ளே விடாதீர்கள். தடை ஆளுக்குத்தான், வயதுக்கு இல்லை. அவன் வீட்டுக்குச் சொல்லுங்கள், பள்ளிக்கும் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: சிசிடிவியில் எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டுவதோ வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ கூடாது. போலீஸ் வரை போன விஷயத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அதே சட்டம்தான் பிள்ளைகளுக்குச் சிகரெட்டும் புகையிலையும் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் கீழ்த்தளத்துப் பெட்டிக்கடையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

என் ஓட்டு இதற்குத்தான்: எல்லா வயதுக்கும் பொதுவான நடத்தை விதி, மேல்தளத்துக்கு ஒரு பெண் பொறுப்பாளர், கேம்ஸ் கடைக்கு மட்டும் பள்ளி நேரச் சீருடைத் தடை, வாசல் பக்கம் இரண்டு பெஞ்சும் ஒரு பஸ் நேரப் பலகையும். வயதுத் தடை வேண்டவே வேண்டுமென்றால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் இருட்டியபிறகு தனியாக மேல்தளத்தில் இருக்கக்கூடாது என்ற அளவில் ஒப்புக்கொள்ளலாம். அது அவர்களின் பாதுகாப்புக்கு. அப்படித் தனியாக நிற்கிற குழந்தையை வெளியே அனுப்புவதற்குப் பதிலாக வீட்டுக்குப் போன் போட வேண்டும், வீடு கிடைக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியில் எல்லாம் சம்பளத்தில் வந்து நிற்கும். வயதுத் தடைக்குச் செலவு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டுதான் என்பதால்தான் அதற்கு இத்தனை ஆதரவு. பொறுப்பாளர் அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் கீழ்த்தளத்து நகைக்கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மேல்தளத்தில் கேம்ஸ் கடையும் ஜூஸ் கடையும் இந்தப் பிள்ளைகளால் சம்பாதிக்கின்றன, ஓரளவு நானும்தான். நாங்கள் மூவரும் பாதியைப் போடுகிறோம், மீதியைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஜூஸ் கடைக்காரர் சரி என்றுவிட்டார். கேம்ஸ் கடைக்காரர் இன்னும் யோசிக்கிறார்.